கல்மேட்டுக்கு இரண்டு பக்கம்

கல் உருண்டு வந்த அன்று நான் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். பிற்பகல் மழை. தகரக் கூரைமேல் விழுந்த சத்தத்தில் வேறொன்றும் காதில் ஏறவில்லை. கட்டியிருந்த பசு திடீரென்று கயிற்றை இழுத்துக்கொண்டு ஒதுங்கியது. என்னவென்று நான் நிமிர்வதற்குள், ஆட்டுக்கல் பருமனில் ஒரு கருங்கல் பின்சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து தீவனத் தொட்டியில் மோதி நின்றது. எனக்கும் அதற்கும் நடுவில் நாலு முழம் இருந்திருக்கும். அழுகை வரவில்லை. கையில் இருந்த சாணிக்கூடையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் கணவர் வீட்டுக்குள்தான் இருந்தார். அவருக்குச் சத்தம் கேட்கவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டுக் கூட்டிவந்து காட்டினேன். கல்லின் ஒரு பக்கத்தில் வரிசையாகத் துளை போட்ட தடம் இருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். "நம்ம மெஷினு துளைதான்" என்றார்.

மொரப்பூரிலிருந்து கம்பைநல்லூர் போகிற வழியில் ரோட்டைவிட்டுச் சற்று உள்ளே எங்கள் நிலம். அதற்கு மேலே கருங்கல் குவாரி. விற்க முடியாத கல், தோண்டிய மண், அறுத்த தூள் எல்லாவற்றையும் பல வருஷம் ஒரே இடத்தில் கொட்டிக்கொட்டி, பனைமரத்தைவிட உயரமாக ஒரு மேடு எழுந்துவிட்டது. பிறகு குவாரி நின்றது, மேடு நின்றுகொண்டே இருந்தது. அதன் கிழக்குச் சரிவுக்குக் கீழே எங்கள் வீடும் கொட்டகையும் சின்ன நர்சரியும். மேற்குச் சரிவுக்குக் கீழே ஏழு வீடுகள். அவர்கள் வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள், வெளியே வந்தால் எங்களைப் போலத்தான். என் கணவர் அந்தக் குவாரியில் பாறையில் துளை போடும் மெஷினோடு பதினைந்து வருஷம் நின்றவர். காது அங்கேதான் போனது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்.

கல் விழுந்த விஷயம் பரவி, சரிவில் மரம் நட்டு மண்ணைப் பிடிக்கவைக்க வேண்டும் என்று குவாரிக்காரர்களுக்கு அரசு உத்தரவு வந்தது. அவர்களுடைய மேனேஜர் எங்கிருந்தோ லாரியில் கன்றுகள் கொண்டுவந்து நட்டார். இடுப்பளவு கன்றுகள், பார்க்கப் பளபளவென்று இருந்தன. மாசி முடிவதற்குள் அத்தனையும் காய்ந்து குச்சியாக நின்றன. அதற்குப் பிறகுதான் பக்கத்திலேயே இருக்கிற எங்கள் நர்சரி அவர் கண்ணில் பட்டது. அதுவரை நாங்கள் மிளகாய், கத்தரி, முருங்கை நாற்றுகள்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

"உசிலை, வேம்பு, புங்கன், வெள்வேல். ஆயிரத்துக்கு மேல வேணும். முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியும் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. செத்துப்போன ஒரு கன்றைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, நர்சரிக்காரர்களுக்கு நடந்த ஒரு பயிற்சிக்குப் போனேன். பாடம் நடத்திய பேராசிரியையிடம் அதைக் கொடுத்தேன். அவர் அதன் சல்லிவேரை நறுக்கி, வேகவைத்து, நீலச் சாயத்தில் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். கூடவே காட்டில் எடுத்த ஒரு உசிலைக் கன்றின் வேரையும் வைத்தார். காட்டுக் கன்றின் வேருக்குள் நீல நூல் பின்னிக்கிடந்தது. நடுவே நடுவே கடுகு மாதிரி உருண்டைகள். நான் கொண்டுபோனதில் ஒன்றுமே இல்லை, கழுவிய கண்ணாடி மாதிரி இருந்தது.

"இதுதான் வேம்னு சொல்றோமே, அந்தப் பூஞ்சைங்க" என்றார். "வேருக்குள்ள குடியிருந்துகிட்டு வெளிய நூல் நூலா போயி, வேர் எட்டாத எடத்துலேர்ந்து தண்ணியும் சத்தும் கொண்டாந்து குடுக்கும். செடி பதிலுக்கு சர்க்கரை குடுக்கும். உங்க மேடு பாறைக்கு உள்ளேர்ந்து வெட்டி எடுத்துக் கொட்டுனது. அதுல இந்தப் பூஞ்சையே கெடையாது. கன்னு மட்டும் தனியா எப்படிங்க பொழைக்கும்?"

பாக்கெட்டில் விற்கிற வேம் உரம் இருக்கிறது. ஆனால் இந்த வெயிலுக்கும் இந்த மரங்களுக்கும் பழகிய பூஞ்சை பக்கத்துக் காட்டு மண்ணில் கிடைத்தால் இன்னும் நல்லது என்றார். அதைச் சோளப் பயிரின் வேரில் வளர்த்துப் பெருக்குகிற முறையையும் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த தை மாதம் நான் மட்டும் சித்தேரி மலைக்குப் பஸ் ஏறினேன். அங்கே சாமை வெள்ளாமை செய்கிற ஒரு பெண் எங்களிடம் மிளகாய் நாற்று வாங்குகிறவள். அறுவடை முடிந்த அவளுடைய பட்டா நிலத்தின் ஓரத்தில் பெரிய உசிலை மரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் மேல்சருகை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்குள் சல்லிவேரோடு மண்ணை எடுத்து இரண்டு உரச் சாக்கில் கட்டினோம். "மண்ணு என்னாத்துக்குக்கா? கீழ மண்ணே இல்லியா?" என்று அவள் சிரித்தாள்.

திரும்பும்போது மலை ரோட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். வனக்காவலர் ஒருவர் ஏறி, என் சீட்டுக்கு அடியில் இருந்த சாக்கைக் காலால் தட்டினார்.

"இதுல என்னா?"

"மண்ணுங்க."

"மண்ணை யாராச்சும் சாக்குல கட்டி பஸ்ல கொண்டுபோவாங்களா? எறங்கு கீழ."

இறங்கினேன். அவர் ஒரு சாக்கை அவிழ்த்து ரோட்டோரத்தில் கவிழ்த்தார். சந்தனக் கட்டை எதையாவது ஒளித்திருப்பேன் என்று நினைத்திருப்பார் போல. வேரும் மண்ணும்தான் விழுந்தன. பட்டா நிலத்தில் எடுத்தது என்று சொன்னேன். நம்பவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். சாமைக்காரிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தாள். போனைக் காவலரிடம் கொடுத்தேன். அவள் என்ன சொன்னாளோ, அவர் முகம் தளர்ந்தது. "மண்ணுக்குப் போயி இப்படி அலையுறீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். கொட்டியதை இரண்டு கையாலும் வாரிச் சாக்கில் போட்டேன். பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வரும்வரை சாக்குமேல் உட்கார்ந்திருந்தேன்.

வெயிலில் நன்றாகக் காயவைத்த மணலோடு அந்த மண்ணைக் கலந்து தொட்டிகளில் நிரப்பிச் சோளம் விதைத்தோம். சித்திரையில் தண்ணீரை நிறுத்தி, பயிர் வாடியதும் சோளத்தட்டை அறுத்துவிட்டு, வேரைப் பொடிப்பொடியாக நறுக்கி அதே மண்ணில் கலந்தோம். அதுதான் எங்கள் பூஞ்சை மண். மர விதை போட்ட ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதில் ஒரு பிடி. அடுத்த வருஷத்துக்குத் தாய் மண் வேண்டும் என்று சில தொட்டிகளைத் தனியாக நிறுத்திவைத்தேன்.

இப்படி வளர்க்கிற கன்றுக்கு உரம் அதிகம் கொடுக்கக் கூடாது என்று பேராசிரியை திருப்பித்திருப்பிச் சொல்லியிருந்தார். டிஏபி போட்டால் கன்று நெடுநெடுவென்று வளரும், ஆனால் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் எங்கள் கன்றுகள் குட்டையாகவே இருந்தன. ஆடியில் பார்க்க வந்த மேனேஜர் பைக்கைவிட்டு இறங்காமலே சொன்னார்: "என்னம்மா இது, கீரை மாதிரி இருக்கு? ஆய்வுக்கு வர்றவங்க முழங்கால் உசரமாச்சும் இருக்கணும்னு பாப்பாங்க. இல்லாட்டி நான் வேற எடத்துல எடுத்துக்கறன்."

என் கணவர் பக்கத்தில் நின்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. நர்சரியின் மேற்கு ஓரப் பாத்திகளில் கன்றுகள் திடீரென்று மற்றதைவிட உயர்ந்து நின்றன. இலை கரும்பச்சை. ஒரு பாக்கெட்டைக் கிழித்தேன். வேருக்குப் பக்கத்தில், பாதி கரைந்த சாம்பல் நிற உருண்டைகள்.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "ஏங்க, டிஏபி போட்டீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தைத் திருப்பினால் என் பேச்சு அவருக்கு இல்லை. நான் சுற்றிப் போய் எதிரில் நின்றேன். மறுபடியும் திரும்பினார். மறுபடியும் நின்றேன்.

"அந்தாளு வேணாம்னுட்டா என்னா பண்ணுவ?" என்று கத்தினார். அவர் கத்துவது அவருக்கே தெரியாது. "குட்டைக் கன்னைக் காட்டுனா வேற எங்கியாச்சும் வாங்கிடுவான். அதுவும் செத்துப்போவும். மேடு அப்பிடியே நிக்கும். அடுத்த கல்லு உன் தலைமேலதான் வுழும். அந்த மேட்டுல பாதிக் கல்லு நான் ஒடச்சதுடி."

எந்தப் பாத்திகளில் போட்டார் என்று மட்டும் கேட்டேன். தண்ணீர்க் குழாய்க்கு மேற்கே எல்லாம் என்றார். ஏறக்குறைய பாதி.

இரண்டு பக்கத்திலிருந்தும் கன்றுகளை எடுத்துக்கொண்டு மறுபடி பேராசிரியையிடம் போனேன். குட்டைக் கன்றுகளின் வேரில் நீல நூல் தெளிவாக ஓடியது. உரம் போட்டவற்றில் தேடித் தேடி அங்கொன்று இங்கொன்று பார்த்தோம். "சுத்தமா இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரொம்பக் கொறச்சல்" என்றார். "கேக்காமலே சோறு கெடைச்சா செடி எதுக்குப் பூஞ்சைக்குக் கதவைத் தொறக்கும்?"

மேனேஜருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். பாதிக் கன்றுகள் கோடையைத் தாங்காது, கொஞ்சம் நாள் கொடுத்தால் சரிசெய்கிறேன் என்றேன். "பச்சையா இருக்குதில்ல? பூஞ்சையை யாரும் தோண்டிப் பாக்கப்போறதில்ல. வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சுடுங்க" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கன்றுகளை இரண்டாகப் பிரித்து அடுக்கினோம். குனிந்தபடியே என் கணவர் சொன்னார்: "நல்லதை நம்ம பக்கம் வெச்சிரலாம்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். அந்தக் கல் கொட்டகைக்குள் வந்து நின்ற விதம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இரண்டு நாள் நட்டோம். கிழக்குச் சரிவில் குழி எடுத்து, குட்டைக் கன்றுகளாகவே வைத்தேன். என் வீட்டுக்கு மேலே.

நடவு வேலைக்கு மேற்குப் பக்கத்து ஏழு வீட்டிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைவிடப் பத்து வயது இளையவள், கை வேகம். மூன்றாம் நாள் காலை கூடையைத் தூக்கிக்கொண்டே, "எங்க வூட்டுக்கு மேல எப்பக்கா நடுவீங்க? போன மழைக்கே சின்னக் கல்லுங்க வாசல் வரைக்கும் வந்துருச்சு. புள்ளைங்கள வெளிய வுடவே பயமா இருக்குது" என்றாள்.

"நாளைக்கு" என்றேன்.

அவள் உயரக் கன்றுகளின் பக்கம் பார்த்தாள். "அந்தப் பெரிய கன்னுங்க எல்லாம் எங்க பக்கமாக்கா? எங்களுக்குன்னு பெருசா வெச்சிருக்கீங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

எனக்குக் கையில் இருந்த கன்றைக் குழியில் வைக்க முடியவில்லை. அவளை அங்கேயே உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். வேர், பூஞ்சை, டிஏபி, மேனேஜர் சொன்னது, நாங்கள் பிரித்து அடுக்கியது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்தாள்.

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சீங்க."

"ஆமா."

"நேத்து முழுக்க உங்க வூட்டுக் கன்னுக்கு நான் குழி எடுத்தன். என் கையால."

மற்ற பெண்களைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் படபடவென்று சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. மம்பட்டிகளைச் சரிவிலேயே போட்டுவிட்டு அவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். வானம் மூடிக்கொண்டு வந்தது. குழியில் பாதி வைத்த கன்றும் நடாத கன்றும் நாலாபக்கமும் கிடந்தன. என் கணவருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

நான் அவர்கள் பின்னால் இறங்கிப்போனேன். அவள் வீட்டு வாசலில் நின்று, "வெச்சதைப் பிடுங்கி இங்க வெக்க முடியாது, ரெண்டும் செத்துப்போவும். மீதி இருக்கிற நல்ல கன்னு அத்தனையும் உங்க பக்கம். உரம் போட்ட கன்னையும் வெச்சுத்தான் ஆவணும், இல்லாட்டி எடம் நெறையாது. அதுக்குக் குழியில பூஞ்சை மண்ணு போடறன். தொட்டியில நிறுத்திவெச்சிருக்கன், எல்லாத்தையும் கொட்டிடறன்" என்றேன்.

"போட்டா பொழைக்குமா?"

"தெரியல. கொஞ்சம் பொழைக்கும்னு நெனைக்கறன்."

அவள் மாமியார் உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். அவள் என்னிடம், "தொட்டியை நான் வந்து பாக்கணும். மண்ணை நான்தான் போடுவன். நீங்க இல்ல" என்றாள்.

அப்படித்தான் நடந்தது. அடுத்த வருஷத்துக்கென்று வைத்திருந்த தொட்டிகளை அவளே கவிழ்த்தாள். மேற்குச் சரிவில் அவள் ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடி போட, மற்றவர்கள் பின்னால் கன்றை வைத்தார்கள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மண் தீர்ந்தபோது உரம் போட்ட கன்றுகளில் ஐம்பது அறுபது மீதி இருந்தன. கிழக்கில் நடாமல் விட்ட இடம் எங்கள் கொட்டகைக்கு நேர் மேலே. அந்தக் கன்றுகளைப் பிடி மண் இல்லாமல் அங்கே வைத்தேன். என் கணவர் பக்கத்தில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை. மறுநாளே கொட்டகைக்குப் பின்னால் நீளமாக ஒரு பள்ளம் வெட்ட ஆரம்பித்தார். கல் வந்தால் அதில் விழட்டும் என்று. பசுவை வீட்டின் முன்பக்கம் கொண்டுவந்து கட்டினோம்.

ஆய்வுக்கு வந்தவர்கள் கீழே நின்றபடியே பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாம் பச்சையாக இருந்தது.

பங்குனியில் வெயில் ஏறியது. மேட்டின் கல் பகலெல்லாம் அடுப்பாகக் கொதித்தது. வாரம் இருமுறை குடத்தில் தண்ணீர் சுமந்து ஏறினோம். மேற்குப் பக்கத்தில் அவர்கள் ஏறினார்கள். நடுவில் உச்சியில் சந்தித்தால் நானும் அவளும் எதிரெதிர்த் திசையில் பார்ப்போம். முதலில் காய்ந்தவை கொட்டகைக்கு மேலே இருந்தவைதான், நுனியிலிருந்து பழுத்து, பத்தே நாளில் குச்சியாகிவிட்டன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். ஈர மணலிலிருந்து உருவுவதுபோல வந்தது, வேர் சுத்தமாக, ஒரு பருக்கை மண் இல்லாமல்.

ஒரு நாள் அவள் மேற்கிலிருந்து ஒரு செத்த கன்றோடு என்னிடம் வந்தாள்.

"இது பிடி மண்ணு போட்டதுக்கா. இருந்தும் செத்துப்போச்சு." கையை நீட்டிக் காட்டினாள். "ஆனா இதைப் புடுங்க எனக்கு மம்பட்டி தேவைப்பட்டுச்சு. பாருங்க."

வேரெல்லாம் கல்தூளும் பொடிக்கல்லும் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. உதறினாலும் விழவில்லை. இருவரும் அதை மாற்றி மாற்றி உதறிப் பார்த்தோம். நடவுக்குப் பிறகு அவள் என்னோடு பேசியது அதுதான் முதல் முறை. மேற்கில் உரம் போட்ட கன்றுகளில் பாதிக்குக் கொஞ்சம் மேல் உயிரோடு நிற்கின்றன என்றாள். குட்டைக் கன்றுகளில் சாவு குறைவு, எங்கள் பக்கமும் அப்படித்தான்.

அந்த வருஷ ஐப்பசியில் மறுபடி ஒரு பிற்பகல், விடாமல் இரண்டு மணி நேரம் மழை. எல்லாரும் வீடுகளைவிட்டு ரோட்டுக்கு வந்து, புளியமரத்துக்கு அப்பால் கூட்டமாக நின்று மேட்டையே பார்த்தோம். இரண்டடிக் கன்று மேட்டைப் பிடித்து நிறுத்திவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. முதலில் கலங்கிய தண்ணீர் இறங்கியது. பிறகு கொட்டகைக்கு மேலே, கன்று செத்து வெறுமையாக இருந்த அந்தப் பட்டை நகர்ந்தது. சத்தம் எங்களுக்குக் கேட்டது. என் கணவர் அதைக் காலில் உணர்ந்திருக்க வேண்டும், என் கையை இறுகப் பிடித்தார். சரளையும் நாலைந்து பெரிய கல்லும் இறங்கி அவர் வெட்டிய பள்ளத்தை நிறைத்தன. ஒன்று தாண்டிவந்து கொட்டகைத் தூணைச் சாய்த்தது.

மேற்கில் அவள் வாசல் வரை சேறு வந்தது. கல் வரவில்லை.

அந்தப் பட்டையில் போன வருஷம் மறுபடி நட்டோம். தொட்டிகள் இப்போது அவள் வீட்டு முற்றத்தில் இருக்கின்றன. சித்தேரிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போய், சாமைக்காரியிடம் ஒரு கடிதமும் எழுதி வாங்கிக்கொண்டு மண் கொண்டுவந்தோம். மேனேஜர் வருவது நின்றுவிட்டது, போனும் எடுப்பதில்லை. மேட்டின் உச்சி மட்டும் இன்னும் வெறும் கல். அங்கே கால் வைத்தால் காலுக்குக் கீழே நகர்கிறது, ஏறி நட யாருக்கும் துணிவில்லை. கீழேயிருந்து மழைக்காலத்துக்கு ஒரு வரிசையாக மேலே போகலாம் என்கிறாள் அவள். எத்தனை வரிசை என்று நான் கேட்டேன். அவள் கண்ணைச் சுருக்கி மேட்டைப் பார்த்து, விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

"ஒண்ணு முடியட்டும்கா" என்றாள். இந்த ஆவணியில் அந்த ஒரு வரிசையை நட்டு முடித்தோம்.